ஒரு மணி பத்து நிமிடம்

கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த என் தங்கை விடியற்காலையில் இறந்துபோனாள். பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் எடுக்கக் கூடாது. அதைப் போர்த்த அண்ணன் நான் ஒருவன்தான். மாப்பிள்ளையின் தம்பி போன் செய்தார்.

"மூணு மணிக்கு எடுக்கறமுங்க மச்சான். பிளேன்ல ஒரு மணி பத்து நிமிசந்தானுங்களே, போன்லயே போட்டிருக்குது."

"நான் இருக்கிறது கும்மிடிப்பூண்டிங்க."

"அதும் மெட்ராஸ்தானுங்களே!"

துணிக்கடைக்காரரை எழுப்பிக் கோடிப் புடவை வாங்கிக்கொண்டு, ஏழு நாற்பதுக்குக் காரில் கிளம்பினேன். தச்சூர் கூட்டுரோட்டில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நின்றன.

"இன்னா சார் பண்றது? டெய்லி இதே பேஜாருதான்," என்றார் டிரைவர்.

மீனம்பாக்கம் சேர்ந்தபோது மணி பதினொன்று இருபது. பதினொன்றரை விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். அடுத்தது இரண்டு ஐந்துக்கு. கொஞ்சம் பொறுக்கும்படி போனில் கெஞ்சினேன். "பார்க்கலாமுங்க," என்றார் தம்பி.

வீட்டு வாசலை அடைந்தபோது நான்கு பத்து. சொன்னபடி மூன்று மணிக்கே எடுத்துவிட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அங்கேயே ஒரு கடையில் புடவை எடுத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுப் பிறந்த வீட்டுக் கோடி என்று போர்த்தச் சொன்னார்களாம்.

"பிளேன்ல வந்துமா இத்தனை நேரம்?" என்று வேறு கேட்டார் தம்பி.

நேரங்களை டைரியில் குறித்திருக்கிறேன். நான் தாமதித்தது சரியாக ஒரு மணி பத்து நிமிடம். அது ஒரு நேரமே இல்லை என்றவர்கள், அவளுக்காக அவ்வளவு நேரம் காத்திருந்திருக்கலாம்.