பார்க்கிங்கில் கிடந்த ஊர்

வெப்சைட் வேலை பழகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, டொமைன் வாங்கி பார்க்கிங்ல போட்டா லாபமா, சொந்தமா சைட் கட்டினா லாபமா?" ரெண்டையும் செய்தவள் நான். ஆனால் பதில் சொல்ல, ரவி அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

1. முதல் நாளே வாக்குவாதம்

இலங்கை யுத்தத்தின் கடைசி வருடங்கள். கண்டிக்குப் பக்கத்தில், அக்குறணையில் நசீர் நானாவின் துணிக்கடை மேல்மாடியில் எங்கள் ஒபிஸ். நான் மஹய்யாவையிலிருந்து பஸ்ஸில் போவேன். ரவி அண்ணன் வடக்கே ஒரு கிராமத்துக்காரர். முதலாளி நானா, வேலை தெரிந்தவர் அண்ணன், வாய் நீளமானவள் நான்.

அண்ணனுக்குப் பிடித்தது பார்க்கிங். ஆட்கள் தேடக்கூடிய பேராகப் பார்த்து டொமைன், அதாவது இணைய விலாசம், பதிவு செய்து, அதைப் பார்க்கிங் கம்பெனியின் நேம்சர்வருக்குத் திருப்பிவிடுவார். அந்தப் பேரை யார் அடித்தாலும் விளம்பரப் பக்கம் வரும். க்ளிக் பண்ணினால் எங்களுக்குக் காசு.

"இதெல்லாம் ஒரு பொழப்பாண்ணே? வெறுங்காணிக்கு வேலி போட்ட மாதிரி. ஹேவாஹெட்ட தேயிலையப் பத்தி நம்மளே ஒரு சைட் கட்டுவோம்" என்றேன் முதல் நாளே.

"ஓம், கட்டு. வாயிருந்தால் வங்காளம் போகலாம்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார். "சைட் எண்டால் ஆர் எழுதினது எண்டு கேப்பாங்கள். பேர், விலாசம் எல்லாம் போகும். என்னை ஒருக்கா ஆமி செக்கிங்கிலை பஸ்ஸாலை இறக்கிக் கொண்டுபோய் வைச்சிருந்தவங்கள். பார்க்கிங் வாய் திறக்காது தங்கச்சி."

தேயிலை சைட்டைத் தனியாகவே கட்டினேன். எழுதி, படம் போட்டு, பிழை திருத்தி முதுகு ஒடிந்ததுதான் மிச்சம். அண்ணனின் பேர்கள் சும்மா கிடந்தே சம்பாதித்தன.

2. ஒரு பேருக்கு மட்டும் கூட்டம்

அவற்றில் ஒன்று அவருடைய சொந்த ஊர்ப் பேர். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று வாங்கி, மற்றவற்றோடு பார்க்கிங்கில் போட்டிருந்தார். அதற்கு ஆள் வந்தாலே அதிசயம். அண்ணனின் அம்மா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மனோன்மணி ரீச்சர், அங்கே தனியாக இருந்தார்.

சண்டை அந்தப் பக்கம் திரும்பியதும் ஃபோன் தொடர்பு அற்றுப்போனது. ஒரு காலை பார்க்கிங் கணக்கைத் திறந்தால், அந்த ஒரு பேருக்கு ஆட்கள் குவிந்திருந்தார்கள். கனடா, லண்டன், சுவிஸ். சொந்தங்களைத் தேடி ஊர்ப் பேரை அடிக்கிறார்கள். பக்கத்தைத் திறந்தேன். ஊர்ப் பேருக்குக் கீழே கம்பெனி தானாகப் போட்ட விளம்பரம்: 'விடுமுறைக்கு மலிவான ஹோட்டல்கள்'. திரையை அண்ணன் பக்கம் திருப்பினேன்.

அண்ணன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "சனம் சாகுது. எனக்குக் காசு வருது" என்றார்.

நசீர் நானாவும் வந்து பார்த்தார். "ரவி, இத எடுத்துட்டு ஆள் தேடுறதுக்கு ஒரு பக்கம் போடுங்க. கட விலாசத்தப் போடுங்க, என்ட பேரப் போடுங்க. ஆமி, பொலிஸ் கேட்டு வந்தா நான் பேசுறன்."

"உங்களுக்கும் கரைச்சல் நானா."

"கரைச்சல் இல்லாத காலம் எப்ப ஈந்திச்சி?"

அன்றே நேம்சர்வரை மாற்றினோம். வெள்ளைப் பக்கம், ஊர்ப் பேர், யாரைத் தேடுகிறீர்கள், யாரைக் கண்டீர்கள் என்று எழுத ஒரு பெட்டி. விளம்பரம் கிடையாது. வரும் செய்தியை வாசித்து, அது பக்கத்தில் தெரிய அனுமதி பட்டனை அழுத்துவது என் வேலை. அண்ணனால் அதை வாசிக்க முடியவில்லை. காலையில் வந்ததும், "அம்மாவைப் பற்றி ஏதும்?" என்பார். "இல்லண்ணே" என்பேன். "அப்ப சரி" என்று தன் வேலையைப் பார்ப்பார்.

3. அனுமதி

பிறகு அது வந்தது. கனடாவிலிருந்து யாரோ எழுதியிருந்தார்.

'முகாமில் இருக்கும் என் தங்கை சொன்னது. மனோன்மணி ரீச்சர் பங்கருக்குப் போகும்போது ஷெல் பட்டுக் காலமானார். எரிக்க முடியாமல் வீட்டு வளவுக்குள்ளேயே குழி வெட்டித் தாட்டார்களாம். மகன் ஒருவர் கண்டிப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. தெரிந்தவர்கள் பக்குவமாகச் சொல்லிவிடவும்.'

பக்குவமாக எப்படிச் சொல்வது? "அண்ணே" என்று மட்டும் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. வந்து நின்று வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இத போட வேணாம்ணே" என்றேன். அழுகையில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"போடு தங்கச்சி. மற்றச் சனத்தின்ர அம்மாமாரைப் போட்டனாங்கள்தானே. அவவிட்டைப் படிச்ச பிள்ளையளும் தேடுவினம்."

அழுத்தினேன்.

லாபம் மட்டும் என்றால் பார்க்கிங் போதும் பிள்ளைகளே. அங்கே யாரும் உங்களிடம் எதையும் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். சைட் கட்டினால் வருவார்கள்; என்ன செய்தியோடு என்பது உங்கள் கையில் இல்லை. அதைத் தாங்க முடிந்தால் கட்டுங்கள்.

அண்ணன் நாட்டை விட்டுப் போகும்போது அந்த டொமைனை என் பேருக்கு மாற்றித் தந்தார். வருடா வருடம் புதுப்பிக்கிறேன். பார்க்கிங்கில் போடச் சொல்லிக் கம்பெனிக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். மாட்டேன். ரீச்சருக்குக் கல்லும் இல்லை, வளவும் இப்போது அந்தக் குடும்பத்தின் கையில் இல்லை. அவர் பேர் எழுதியிருக்கிற இடம் அது ஒன்றுதான்.