ஆன்ட்டிக்கு என்ன முறை?

அவளை எல்லாரும் கமா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் எழுதிய வரியானாலும் அதில் ஒரு கமாவாவது சேர்க்காமல் விடமாட்டாள். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் கம்பெனியில் வேலை. அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன நாளில், புதிதாகச் சேர்ந்த மூன்று பேரை மேய்க்கும் பொறுப்பையும் அவள் தலையில் கட்டினார்கள்.

மூவரும் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். ஒருவன் வாய் ஓயாத ரேடியோ. இன்னொருவன் மீட்டிங்கில் மைக்கைத் திறக்கவே திறக்காத மியூட் தம்பி. மூன்றாவது, மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டிருந்த புதுப்பெண். ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததே இல்லை. அக்காவின் அலுவலகம் படுக்கையறையில், இஸ்திரி மேசைக்கும் பீரோவுக்கும் நடுவே இருந்த சந்து.

இவர்கள் எழுதிய முதல் தொடர் ஒளிபரப்பான சில நாளிலேயே சேனல் மேனேஜர் போன் செய்தார்.

"மேடம், அந்தப் பணக்கார அம்மா முதல் எபிசோட்ல சித்தி, அடுத்ததுல அத்தை, அதுக்கடுத்ததுல பெரியம்மா! ஒரே ஆளு எத்தனை முறைக்குத்தான் ஆவாங்க? பாக்கறவங்க சிரிக்கறாங்க."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மூலத்தில் கதாநாயகி அந்த அம்மாளைக் கூப்பிடுவதெல்லாம் 'ஆன்ட்டி'தான். எபிசோடுகளைப் பிரித்து எடுத்துக்கொண்ட மூவரும் அவரவருக்குத் தோன்றிய முறையைப் போட்டிருந்தார்கள்.

உடனே பிடியை இறுக்கினாள். காலையில் ஒரு மீட்டிங், மாலையில் ஒரு மீட்டிங், கேமரா கட்டாயம், மணிக்கொரு தரம் ரிப்போர்ட். ரிப்போர்ட்டெல்லாம் ஒழுங்காகத்தான் வந்தன. வேலைதான் நொண்டியது. ரேடியோவே பேச்சைக் குறைத்துவிட்டான். போதாக்குறைக்கு, ஆன்ட்டியின் புருஷன் ஓரிடத்தில் மாமாவும் இன்னோரிடத்தில் சித்தப்பாவுமாக வந்து நின்றார்.

இதற்குமேல் அதட்டிப் பயனில்லை என்று அவளுக்கே தோன்றியது. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஒரு சந்தேகம் வந்தா யார்கிட்ட கேப்பீங்க?"

"யார்கிட்டயும் இல்லக்கா" என்றாள் புதுப்பெண். "ஒரு வார்த்தைக்காகப் போய் ஒருத்தரைத் தொந்தரவு பண்ணணுமான்னு விட்டுடுவேன்."

ரேடியோவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னான். மியூட் தம்பியிடமிருந்து எழுத்தில் பதில் வந்தது: "வீட்டில் ஒரே அறை அக்கா. பக்கத்தில் மனைவி ஆன்லைனில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். பேச முடியாது. எழுதிக் கேட்கலாமா?"

இத்தனை நாளும் அவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்திருந்த அக்காவுக்குச் சுருக்கென்றது. பழைய அலுவலகத்தில் நாற்காலியைப் பாதி திருப்பினால் போதும், கேட்டுவிடலாம். இவர்களுக்குத் திரும்பிக் கேட்க நாற்காலியே இல்லையே!

மறுநாள் ரிப்போர்ட்டுகளுக்கு முழுக்குப் போட்டாள். "வேலை நேரம் முழுக்க ஒரு வீடியோ கால் திறந்தே இருக்கும். அவங்கவங்க வேலையைப் பாருங்க, சந்தேகம்னா சட்டுனு கேளுங்க. எழுதிக் கேட்டாலும் பேசின மாதிரிதான். கேமரா உங்க இஷ்டம்" என்றாள்.

மியூட் தம்பிதான் முதலில் எழுதினான்: "ஆன்ட்டிக்கு என்ன முறை?"

வந்தது வினை.

"சித்திதான்! எவ்வளவு இளமையா இருக்காங்க பாருங்க" என்றான் ரேடியோ.

"காசு இருந்தா யாரும் இளமையாத்தான் இருப்பாங்க, அண்ணே" என்றாள் புதுப்பெண்.

அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியாரின் குரல் கணீரென்று வந்தது: "இதுல என்ன சந்தேகம்? எல்லா விஷயத்துலயும் மூக்கை நுழைக்கிறா. அத்தையாத்தான் இருப்பா!"

புதுப்பெண் நாற்காலியோடு பின்னால் திரும்பினாள்.

"அத்தை, இதை நான் சொல்லலை. நீங்களே சொன்னது!" என்றாள் மருமகள்.

மாமியாரே முதலில் சிரித்தாள். சிரிப்பலையில் மியூட் தம்பியின் மைக்கும் திறந்துகொண்டது. அவன் சிரிப்பும், பின்னணியில் பிள்ளைகள் ஒப்பிக்கும் ஏழாம் வாய்ப்பாடும் சேர்ந்து கேட்டன. பிறகு ஆளுக்கு இரண்டு எபிசோடாகத் தேடியதில், ஓரிடத்தில் அந்த அம்மாள் கதாநாயகியின் அப்பாவை "என் அண்ணன்" என்று சொல்வது அகப்பட்டது. மாமியார் கட்சிக்கே வெற்றி.

அதிலிருந்து, எந்தத் தொடர் வந்தாலும் முதலில் நால்வரும் கூடி யாருக்கு யார் என்ன முறை என்று சண்டை போட்டு முடிவு செய்துவிட்டே வேலையில் இறங்கினார்கள். மேனேஜர் மறுபடி போன் செய்தது, அடுத்த தொடரையும் இவர்களிடமே கொடுக்கத்தான்.

நடுவே அக்கா, தன் தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போக நேர்ந்தது. இரண்டு வாரம் கழித்துப் பதறியடித்துக்கொண்டு வந்து பார்த்தால், வேலையெல்லாம் முடிந்து சேனலுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையேடா?"

"கேக்கற மாதிரி எதுவும் வரலையேக்கா" என்றான் மியூட் தம்பி, வாயைத் திறந்தே.

அவளுக்கு லேசாக வலித்தது உண்மை. கொஞ்ச நேரத்தில் அதுவும் கரைந்துபோக, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கட்டிலில் காலை நீட்டினாள். ஹெட்போனுக்குள் ரேடியோ தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்க, பட்டப்பகலில், வேலை நேரத்தில், கமா அக்கா நிம்மதியாகக் குறட்டை விட்டாள்.