முதல் பக்கத்திலேயே கொலைகாரன்

துப்பறியும் கதை படித்தே கெட்டுப்போன குடும்பம் எங்களுடையது. அதற்கு முழுப் பொறுப்பு சித்தப்பா. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு புத்தகக் கடை இருந்தது. நோட்டும் கைடும் விற்பதாகப் பெயர். ஆனால் அவர் உயிர் இருந்தது வாசலில் கயிற்றில் தொங்கிய துப்பறியும் நாவல்களில்தான். அவற்றை வாடகைக்குக் கொடுப்பார். கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும் அக்காக்களும், காஞ்சிபுரம் பஸ் கண்டக்டரும் நிரந்தர வாடிக்கை. அண்ணனுக்கும் எனக்கும் எல்லாம் இலவசம். கோடை விடுமுறை முழுக்க அங்கேயே கிடப்போம்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அந்தக் கடையில் ஒரு குற்றம் நடந்தது.

மத்தியானம் சாப்பிட வரும்போது சித்தப்பா கயிற்றிலிருந்து ஒரு நாவலை உருவிக்கொண்டு வருவார். அதை அலமாரியில் வைத்துவிட்டுக் குளிப்பார். பிறகு தட்டின் முன்னால் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரிப்பார். ஒருநாள் அந்தப் பக்கத்தில் நீலப் பேனாவால் 'கொலை செய்தது டாக்டர்தான்' என்று எழுதியிருந்தது. மறுநாள் எடுத்த நாவலில், 'தம்பிக்காரன்தான்'. அதற்கு மறுநாள், தோட்டக்காரன். அந்தப் புத்தகங்கள் கடைக்குத் திரும்பிப் போனதும், வாடகைக்கு எடுத்தவர்கள் கொண்டுவந்து மேசைமேல் வீசினார்கள்.

"எத்த எடுத்தாலும் எழுதிக்கீது. எவனோ மொத்தக் கடையையும் நாசம் பண்ணிட்டான்" என்றார் சித்தப்பா. "ஞாயித்துக்கெயம எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டு, செல்போன் கவர் விக்கப் போறேன்."

நான் அழுதேவிட்டேன். படித்து முடிக்காத நாவல்கள் இன்னும் எத்தனையோ தொங்கிக்கொண்டிருந்தன. அண்ணன் அழவில்லை, அவனுக்குப் பதிமூன்று வயது. விசாரணையைத் தொடங்குகிறோம் என்று அறிவித்தான்.

கையெழுத்தை வைத்துப் பிடிப்பது என்று முடிவானது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து 'கொலை செய்தது நான்தான்' என்று எழுதி வாங்கினோம். அப்படி எழுதித் தருவதற்கும் ஊரில் ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். டீக்கடைக்காரர் மட்டும் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இன்னாத்துக்குப்பா இது? போலீஸ் கேஸா? எனுக்கு வோணாம்பா இந்த பேஜாரு."

உடனே அவரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தோம். முதலிடம் கண்டக்டருக்குத்தான். காலையில் எடுத்த புத்தகத்தைச் சாயங்காலமே முடித்துக் கொடுத்துவிடுவார். இவ்வளவு வேகமாகப் படிப்பவன் முடிவை வெளியே சொல்லாமல் எப்படி இருப்பான் என்பது அண்ணனின் வாதம். எனக்கும் அது மறுக்க முடியாததாகத் தோன்றியது.

சனிக்கிழமை அண்ணன் பொறி வைத்தான். ஒரு நாவலின் கடைசி எட்டுப் பக்கத்தை மெதுவாகப் பிரித்தெடுத்து, வீட்டில் தன் பாய்க்கு அடியில் ஒளித்தான். கொலைகாரன் பெயரை எழுதுகிறவன் முடிவைப் பார்த்தாக வேண்டும். அந்தப் பக்கங்களைத் தேடி எவன் வருகிறானோ அவன்தான் குற்றவாளி. புத்தகத்தைக் கண்டக்டரின் கண்ணில் படும்படி தொங்கவிட்டோம். அன்றைக்குப் பார்த்து சித்தப்பா அதையே உருவிக்கொண்டு சாப்பிட வந்துவிட்டார். பொறி பாழாய்ப்போனது என்று தலையில் அடித்துக்கொண்டு நாங்களும் பின்னாலேயே வந்தோம்.

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். சித்தப்பா குளித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஏரி மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சித்தி அடுக்களையிலிருந்து அந்தப் புத்தகத்தோடு வெளியே வந்தாள்.

"ஏன்டா, இதுல கடைசி பக்கத்தையே காணோம்? எங்கடா போச்சி?"

அவள் கொண்டையில் ஒரு நீலப் பேனா செருகியிருந்தது.

குற்றவாளியைப் பிடித்ததும் சொல்வதற்கென்று அண்ணன் ஒரு வசனம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். மீன் குழம்பு வைத்திருக்கும் சித்தியிடம் அது வாயில் வரவில்லை. "பாய்க்கு அடியில கீது" என்றான். சித்தி கல்யாணமாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் எழுதி வாங்கிய எங்களுக்கு அவளிடம் சீட்டை நீட்டத் தோன்றவே இல்லை.

ஈரத் தலையோடு வந்து நின்ற சித்தப்பா பேனாவைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார்.

"நீயா?"

சித்தி தலையைக் குனியவில்லை. "பின்ன இன்னா பண்றது? புக்கப் பாத்துக்கினே துன்றீங்க. நான் இன்னா கொயம்பு வெச்சேன்னு ஒரு நாளாவது தெரியுமா? கொலகாரன் யாருன்னு தெரிஞ்சா மூடி வெச்சிட்டு எங்கூட ரெண்டு வார்த்த பேசுவீங்கன்னு பாத்தேன்."

கடை போகப்போகிறதே என்று கலங்கியிருந்த மனிதர் கத்தப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டுத் திறந்தேன். சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. சித்தியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணனிடமிருந்து எட்டுப் பக்கத்தையும் வாங்கி அவள் கையில் கொடுத்தார். "யாருன்னு நீயே படிச்சி சொல்லு." பிறகு கடைச் சாவியை எங்களிடம் நீட்டினார். "எடைக்கெல்லாம் போட வேணாம். துன்னுட்டுப் போயி நீங்களே கடையப் பாத்துக்குங்க. நான் பின்னால வரேன்."

எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையைத் திறந்து, தொங்கிய நாவல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். சித்தப்பா வீட்டுக்கு எடுத்துவராத எதிலும் ஒரு கோடுகூட இல்லை. கண்டக்டர் வந்தபோது அண்ணன் இரண்டு புத்தகங்களைச் சும்மாவே கொடுத்து அவரைத் திகைக்க வைத்தான். வேன்கள் வந்தன, போயின. சித்தப்பா மட்டும் வரவில்லை.

"எட்டு பக்கம் படிக்க இவ்ளோ நேரமா?" என்று அண்ணன் அலுத்துக்கொண்டான்.

சித்தி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் போலிருக்கிறது, பாவம், என்றேன் நான். விடுமுறை முடிவதற்குள் அவளுக்கு வேகமாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று அங்கேயே இருவரும் முடிவு செய்தோம்.