கீரை பஜ்ஜிக்கு உப்புப் பார்த்த மாதம்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த பிளற்றின் மூன்றாம் மாடியில், எங்கள் கதவுக்கு நேரெதிரே ஒரு முஸ்லிம் அன்ரி இருந்தார். நோன்பு மாதம் முழுவதும் அவர் பொரிக்கும் கீரை பஜ்ஜிக்கு உப்புப் பார்ப்பதுதான் என் வேலை. நோன்பு பிடித்தவர் சமைப்பதை வாயில் வைக்கக் கூடாது என்று நான் விளங்கி வைத்திருந்தேன். பின்னேரம் ஐந்தரை ஆனதும் எதிர்க் கதவு திறக்கும். "மகள், உப்புப் பார்க்க வாங்க" என்று குரல் வரும். வகுப்பில் மொனிற்றராகக்கூட வராத எனக்கு இது போதாதா? தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

அன்ரியின் பஜ்ஜி முழுப் பசளி இலையில் செய்வது. இலைகளைக் கழுவி, பழைய பருத்தித் துணியில் ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பார். ஈரம் இருந்தால் எண்ணெய் வெடிக்கும், பஜ்ஜியும் சவுத்துப் போகும். கடலை மாவோடு ஒரு பிடி அரிசி மா, மிளகாய்த் தூள், இடித்த பெருஞ்சீரகம், உப்பு, ஐஸ் தண்ணீர். இலையைத் தோய்த்து, ஒரு உதறு உதறி எண்ணெயில் விட்டால், விரிந்தபடியே பொரிந்து வரும். கடிக்கிற சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

என் தீர்ப்போடு சோதனை முடிவதில்லை. "ஒரு நாக்கு பிழை விடும். நாலு நாக்கு பிழை விடாது. வீட்டுல எல்லாருக்கும் குடுத்துக் கேட்டுட்டு வாங்க" என்று ஒரு தட்டு நிறையப் பஜ்ஜி தந்து அனுப்புவார். நான் அதை மிகுந்த பொறுப்போடு கொண்டுபோய், அம்மா, அப்பா, தம்பி மூவரிடமும் அபிப்பிராயம் கேட்டு, "எல்லாருக்கும் சரியாம்" என்று திரும்பி வந்து அறிக்கை கொடுப்பேன். அந்த நாட்களில் அப்பா வேலைக்குப் போவதில்லை. அவருடைய கொம்பனியை மூடிவிட்டார்கள். பகலெல்லாம் வீட்டில் இருந்து பேப்பரில் வேலை விளம்பரங்களுக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருப்பார். அப்பா எப்போதும் வீட்டில் இருக்கிறாரே என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். இரவில் பாணும் சம்பலும் மட்டும் என்றாகிவிட்டது தெரிந்தது. அம்மாவுக்குச் சமைக்கப் பஞ்சி, சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அன்ரி வீட்டு அக்காவுக்குச் சம்பந்தம் பேசியவர்கள் மாளிகாவத்தையில் இருந்து நோன்பு திறக்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் தாய்க்கு நாக்கு நீளம் என்று முதல் நாளே அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். அதே நாள் பள்ளிக்கூடத்தால் வந்த பசியில், அப்பா ஊற்றித் தந்த வெறும் தேத்தண்ணியை ஆற விடாமல் மடமடவென்று குடித்து, நான் நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பதவி தம்பிக்குப் போய்விடும். அவன் அதற்காகவே காத்திருந்தான்.

ஐந்தரைக்கு அன்ரி முதல் பஜ்ஜியை நீட்டினார். கடித்தேன். சத்தம் கேட்டது, எரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. அன்ரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படி மகள்?"

"சரி அன்ரி."

அவர் பெருமூச்சு விட்டு, மளமளவென்று பொரிக்கத் தொடங்கினார். நான் தட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் தம்பி ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பினான். "உப்புக் கரிக்குது!" அம்மா ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் சுருங்கியது. "நான் போய்ச் சொல்லிட்டு வாறன்" என்றேன்.

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை," என்றார் அம்மா. "ஆரும் தந்ததைக் குறை சொல்லக் கூடாது. பேசாமல் இரு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இது தந்ததா? சோதிக்க அனுப்பியதல்லவா? சுவர் மணிக்கூட்டில் ஐந்து ஐம்பத்தைந்து. ஆறரைக்கு முன்னமே பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற வாங்கு சொல்லிவிடுவார்கள். அப்பாதான், அந்த உப்புப் பஜ்ஜியை மென்றபடியே, "அங்கை இண்டைக்குச் சம்பந்தகாரர் வருகினமெல்லோ" என்றார். நான் ஓடினேன்.

எதிர்க் கதவுக்கு வெளியே புதுச் செருப்புகள் கிடந்தன. வந்துவிட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு ஹோலைக் கடந்து குசினிக்குள் நுழைந்தேன். மேசையில் பெரிய தட்டு நிறையப் பஜ்ஜி குவிந்திருந்தது. மூலையில் பத்துப் பதினைந்து இலைகள்தான் மிச்சம்.

"அன்ரி, உப்புக் கூட. எனக்கு நாக்குச் சுட்டுப்போச்சு. பொய் சொல்லிட்டன்."

அன்ரி அக்காவைப் பார்த்தார். அக்காவின் முகம் வெளிறியது. "உம்மா, நானும் உப்புப் போட்டேனே."

அப்போது அன்ரி ஒன்று செய்தார். பஜ்ஜியில் ஒரு நுனியை உடைத்து நாக்கு நுனியில் வைத்தார். சிங்கில் துப்பினார். வாயைக் கொப்பளித்தார்.

நான் விறைத்துப்போனேன். விடியமுன் எழும்பி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்த மனுசியின் நோன்பை நான் முறித்துவிட்டேன். இந்தப் பாவத்துக்கு எந்தக் கோயிலில் மன்னிப்பு? தேம்பித் தேம்பி அழுதேன்.

"சத்தம் போடாதீங்க மகள், ஆக்கள் இருக்காங்க," என்று அன்ரி என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். "விழுங்கல்லதானே? நோன்பு முறியாது. எங்கட ஆக்கள் இப்படிப் பார்க்கிறதுதான்."

பிறகு அழ நேரம் இருக்கவில்லை. அக்கா புதிதாக மாவைக் கரைத்தார், அன்ரி பொரித்தார், நான் இலைகளை ஒற்றினேன். கடைசி இலை எண்ணெயில் இருக்கும்போது வாங்கு கேட்டது. ஹோலில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் போனபின், ஆளுக்கு இரண்டாகப் பஜ்ஜியும் போனது. குசினிக் கதவுக்குப் பின்னால் நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கறுக் என்று சத்தம் கேட்டது. "இன்னும் இருக்கா?" என்று அந்த மாமியார் கேட்டார். அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். பெருநாள் கழிந்ததும் கலியாணம் நடந்தது.

அன்றிரவு நடந்ததை ஒன்றுவிடாமல் அம்மாவிடம் சொன்னேன்.

"அன்ரி தானே நாக்கில வைச்சுப் பார்த்தவவோ?"

"ஓம். எப்பவும் அப்படித்தானாம். நோன்பு முறியாதாம்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா பேப்பரை உயர்த்தி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அம்மா அன்ரியின் தட்டைக் கொண்டுபோய்க் கழுவத் தொடங்கினார். எண்ணெய்ப் பிசுக்குப் போன பிறகும் அதை ஏன் இவ்வளவு நேரம் கழுவுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஐந்தரைக்கு எதிர்க் கதவு திறந்தது. "மகள், உப்புப் பார்க்க வாங்க." என் பதவி போகவில்லை! துள்ளிக்கொண்டு எழுந்தேன். அம்மா வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. நானோ, பஜ்ஜி ஆறப்போகிறதே என்று, அந்தக் கையை உதறிவிட்டு ஓடினேன்.