குமராட்சியில் ஓர் ஆண் பூச்சியைத் தேடி

2009, கார்த்திகை மாதம். காலை ஏழு மணிக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி ஏறினோம். என் பையில் மாற்றுத் துணி ஒன்றுதான். மற்றதெல்லாம் கண்ணாடிக் குப்பிகள், ஒரு சின்ன நுண்ணோக்கி. கூட வந்தவள் மேரி. என்னோடு படித்தவள், கடலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறாள்.

முந்தின மாதம் குமராட்சிப் பக்கத்து வயல் ஒன்றில் பிடித்த பழுப்பு நிறத் தத்துப்பூச்சிகளை மேரி கோயம்புத்தூரில் பூச்சி ஆராய்ச்சியிலிருந்த எனக்கு அனுப்பியிருந்தாள். அரிசி நீளம்கூட இல்லாதவை. நெல்லின் அடித்தண்டில் சாறு உறிஞ்சிப் பயிரை நெருப்பு பட்டதுபோல் காய வைக்கும் புகையானைப் போலவே இருந்தன. முகத்தில் மட்டும் ஏதோ வேறுபாடு. ஆனால் வந்தவை எல்லாம் பெண். இந்தப் பூச்சிகளில் இனத்தை உறுதியாகப் பிரிக்க ஆணின் வயிற்று நுனி உறுப்பைப் பார்த்தாக வேண்டும். யாரும் பெயர் வைக்காத புது இனமாக இருக்குமோ என்ற ஆசை எனக்குள் இருந்தது. ஆண் ஒன்று கிடைக்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பியிருந்தேன்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி, வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. ஆறு கலங்கி ஓடியது. சிதம்பரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, லாட்ஜில் நுண்ணோக்கியை வைத்துப் பூட்டினோம். காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் குமராட்சியில் இறங்கி வயலுக்கு நடந்தபோது பத்து மணி இருக்கும்.

வயல் தமிழரசியுடையது. அவர் கணவர் ராமலிங்கம் முதுகில் மாட்டும் டேங்க்கில் மருந்து கலக்க உட்கார்ந்திருந்தார். ஒரு மூலையில் பயிர் மஞ்சளடித்திருந்தது. பக்கத்து ஊரில் புகையான் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, இவர்கள் முந்திக்கொள்ளப் பார்த்தார்கள். மருந்து விழுந்தால் நான் தேடும் பூச்சி போய்விடும். பூச்சி எதுவென்று தெரியாமல் அடித்தால், புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்திகளும் போய்விடும். அதைச் சொன்னேன். தமிழரசி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க பேரு கண்டுபுடிக்கிறதுக்குள்ள என் பயிரு போயிடுச்சின்னா யாரு பொறுப்பு?”

இன்று சாயங்காலம் வரை பொறுங்கள், எதுவானாலும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன். ராமலிங்கம் மனைவியைப் பார்த்தார்.

“சாயங்காலம் ஆறு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் பொறுக்கமாட்டேன். மாமா, டேங்க மூடி வையி.”

முதலில் மஞ்சளடித்த மூலைக்கு இறங்கினோம். அது தாழ்வான இடம்; நீர் வடியாமல் நின்றது. தூர்களை விலக்கி அடித்தண்டைத் தட்டிப் பார்த்தோம். அங்கும் மற்ற இடங்களிலும் ஒன்றிரண்டு பூச்சிகள்தான், சிலந்திகளே அதிகம். வரப்போரமாக நெல்லைப் போலவே வளர்ந்திருந்த ஒரு புல்லில்தான் பழுப்புப் பூச்சிகள் அப்பிக்கிடந்தன. உறிஞ்சுகுழலால் பிடித்துக் குப்பியில் போட்டு, கைலென்சில் வயிற்று நுனியைப் பார்த்தேன். பெண். அடுத்ததும் பெண். மழை பிடித்துக்கொண்டது. மேரி குடையை என் தலைக்குமேல் பிடித்தாள். முழங்கால்வரை சேறு, கழுத்து கடுத்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

வெகுநேரம் கரையில் நின்று பார்த்த தமிழரசி, புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கினார்.

“எனக்கும் ஒரு குப்பி குடுங்க. பொழுது போவுது.”

மழை விட்டு வெகுநேரம் கழித்து அவர் புல்லில் பிடித்து நீட்டிய குப்பியில், மற்றவற்றைவிட ஒல்லியாக, கருப்பாக ஒன்று இருந்தது. லென்சில் பார்த்தேன். ஆண். குப்பியை மேரியிடம் நீட்டினேன். நெல் தண்டுகளில் தட்டியெடுத்த சிலவற்றிலும் ஓர் ஆண் இருந்தது. இரண்டையும் தனித்தனிக் குப்பிகளில் எடுத்துக்கொண்டு மினிபஸ்ஸுக்கு ஓடினோம்.

லாட்ஜ் அறையில் ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டேன். வயிற்று நுனியை வெட்டி, காரக் கரைசலில் சூடாக்கி, தசை கரைந்ததும் கிளிசரினில் இட்டு லென்சைத் திருகினேன். கொண்டுபோயிருந்த படங்களோடு ஒவ்வொரு வளைவையும் ஒப்பிட்டேன். நெல் தண்டில் கிடைத்தது புகையான். புல்லில் கிடைத்தது அதன் நெருங்கிய உறவு. புல்லை மட்டும் உண்டு வாழும் இனம். எப்போதோ எவரோ பெயர் வைத்துவிட்ட இனம்.

வருத்தப்பட நேரமில்லை, ஆறு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. மேரியின் செல்போனில் தமிழரசியை அழைத்தேன். வரப்புப் பூச்சி நெல்லைத் தொடாது. பயிருக்குள் புகையான் கொஞ்சம்தான், அதைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். மூலை மஞ்சளடித்தது நீர் தேங்கியதால்தான்; அதை வடிய விடுங்கள், தினம் தண்டைத் தட்டிப் பாருங்கள், கூடினால் மட்டும் அடியுங்கள் என்றேன்.

“நிச்சயமா சொல்றீங்களா?”

“பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

“சரி. வாய்க்கால வெட்டிவுடச் சொல்றேன்.”

தை மாதம் அந்த வயலில் அறுப்பு முடிந்ததாகவும், மருந்தே அடிக்கவில்லை என்றும் மேரி போனில் சொன்னாள்.

கோயம்புத்தூரில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். குமராட்சியில் வானம் தரையைத் தொடுகிற இடம்வரை நெல்தான். அவ்வளவு பச்சைக்கு நடுவே அவ்வளவு சின்ன உயிர். புது இனத்துக்குப் பெயர் வைக்கும் வாய்ப்பு எனக்கு வரவில்லை. புல்லில் கிடைத்த அந்த ஆண் பூச்சி இப்போது எங்கள் சேகரிப்புப் பெட்டியில் ஊசிமுனையில் இருக்கிறது. அடியில் என் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: குமராட்சி, வரப்புப் புல். பிடித்தவர், தமிழரசி.