இல்லாத மைக்கின் தூக்கம்

என் வேலை என்னன்னு யாராவது கேட்டா எனக்கு எரிச்சல்தான் வரும். கம்ப்யூட்டருக்குள்ள இல்லாத ஒரு மைக்கை இருக்கிற மாதிரி காட்டுற புரோகிராம் எழுதுறேன். நெச மைக்ல வர்ற குரலை அது வாங்கி, இரைச்சலை வடிகட்டி, பேசுற ஆப்புக்குக் கொடுக்கும். இதுக்கு டிரைவர்னு பேரு. தட்டாஞ்சாவடியில இருந்த ஆபீஸை மூடிட்டு, இனி வீட்டுலயே உக்காந்து எழுதுங்கன்னுட்டாங்க. முத்தியால்பேட்டை மாடி வீட்டுல காலையில இருந்து நான், ஃபேன், லேப்டாப். பொழுதுக்கும் ஒரு மனுசக் குரல் கிடையாது.

பொண்டாட்டிக்கு அவ அப்பா வழியில பிரெஞ்சுக் குடியுரிமை. பொண்ணைக் கூட்டிக்கிட்டு பாரீஸ் பக்கம் வேலைக்குப் போயிட்டா. நான் பின்னாடியே வர்றதாப் பேச்சு. பிரெஞ்சு எனக்கு நன்றிக்குச் சொல்ற 'மெர்சி'யோட சரி, அங்க போயி என்னத்தைக் கிழிக்கப் போறேன்னு இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்துக்கிட்டே இருந்தேன்.

லேப்டாப்பை மூடினா அது தூங்கப் போகும். போறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் 'தூங்கு'ன்னு சொல்லும். திறந்தா 'எழுந்திரு'ன்னு சொல்லும். என் மைக்தான் இல்லவே இல்லையே, இல்லாத சாமானுக்கு என்னய்யா தூக்கம்? ரெண்டு இடத்துலயும் ஒண்ணும் செய்யாம, 'எல்லாம் சரி'ன்னு மட்டும் பதில் சொல்ற மாதிரி எழுதிட்டேன். எழுதினவனே முதல்ல பயன்படுத்திப் பாக்கணும்னு இந்தத் தொழில்ல ஒரு வீம்பு உண்டு. அதனால அந்த அரைவேக்காட்டை என் சொந்த லேப்டாப்புலயே போட்டுக்கிட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் அவ கூப்பிட்டா. "இங்க வாடகைக்கு வீடு தர்றவர் இன்னைக்கே பதில் கேக்கறாருங்க. நீங்க வர்றதா இருந்தா பெரிய வீடு. இல்லன்னா எங்க ரெண்டு பேருக்கும் சின்ன வீடு போதும். கொஞ்ச நேரத்துல திரும்பக் கூப்பிடுறேன். நீங்க பேசுங்க, நடுவுல நான் வாயே திறக்க மாட்டேன்."

லேப்டாப்பை மூடிட்டு கடல் பக்கம் நடந்துட்டு வந்தேன். திரும்பி வரும்போது மனசு தெளிவா இருந்துச்சு. திறந்ததும் அவ கூப்பிட்டா, குரல் மட்டும்தான். தான் அழுறதை நான் பாத்துடக் கூடாதுன்னு முக்கியமான பேச்சுக்கு வீடியோ போடவே மாட்டா. நான் பேசினேன். கல்யாணம் ஆனதுல இருந்து அவகிட்ட அவ்வளவு பேசினதே இல்லை. "வரேன், பெரிய வீடே எடு. இங்க தனியா இருக்க முடியலை. ஒத்தை ஆளுக்கு சோறு வடிச்சு, அதையும் பாதி கொட்டுறேன். பாப்பா செருப்பு இன்னும் வாசல்லதான் கிடக்குது, எடுத்து வைக்க மனசு வரலை." திரையில பச்சைக் கோடு என் குரலுக்கு ஏத்த மாதிரி குதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அவ ஒரு வார்த்தை பேசாம வச்சிட்டா. அழுறா போலன்னு நினைச்சேன்.

அப்புறம் மெசேஜ் வந்துச்சு. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ஆமா, இல்லைன்னுகூடச் சொல்ல முடியலை. எனக்குப் பதில் கிடைச்சிடுச்சு."

ஃபோன் அடிச்சேன், எடுக்கலை. திரும்பத் திரும்ப அடிச்சேன். கை சும்மா இருக்குமா? லேப்டாப்பை மூடித் திறந்து, என் குரலையே பதிவு பண்ணிப் போட்டுக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. பச்சைக் கோடு நெச மைக்கைப் பாத்துக் குதிச்சிருக்கு. அதுக்கு அடுத்தாப்ல இருந்த என் மைக், தூங்கினது தூங்கினபடியே கிடந்திருக்கு. குரலைத் தள்ளிவிடுற டைமர் நின்னுபோச்சு, அதை எழுப்ப ஆள் இல்லை. கேட்டவங்களுக்கெல்லாம் 'எல்லாம் சரி'ன்னு மட்டும் பதில் சொல்லியிருக்கு.

வேற புருசனா இருந்தா, "ஹலோ, கேக்குதா"ன்னாவது கேட்டிருப்பா. நான்தான் ஊமைக்கோட்டான் ஆச்சே. எதைக் கேட்டாலும் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கிறவன். மைக் மேல அவளுக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

உக்காந்து சரி பண்ணேன். தூங்கும்போது டைமரை நிறுத்து. எழும்போது தேங்கிக் கிடக்கிற பழசைக் கொட்டு, மறுபடி முதல்ல இருந்து ஓட்டு. அவ்வளவுதான் வேலை, நாலே வரி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இருட்டுற நேரத்துக்கு அவளே லேப்டாப்புல கூப்பிட்டா. "மைக் கெட்டுப் போச்சும்மா, நான் வரேன்னுதான் சொன்னேன்"னு ஆரம்பிச்சேன்.

"சின்ன வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு இப்பதாங்க வரேன்"னா. குரல்ல கோவமே இல்லை. கோவப்பட்டிருந்தா தேவலை.

"சின்ன வீடா இருந்தா என்ன? ஒரு ஓரமாப் படுத்துக்கறேன். வரட்டுமா?"

மறுபடி மைக் படுத்துக்கிச்சோன்னு திரையைப் பாத்தேன். அதுக்குள்ள அவ வீட்டு ஸ்பீக்கர்ல ஒலிச்ச என் குரல், "வரட்டுமா"ன்னு மெதுவா எனக்கே திரும்பி வந்துச்சு. என் மைக் நல்லாத்தான் வேலை செஞ்சுது. அவதான் பேசலை.