பக்கத்து வீட்டு வெந்நீர்

ஹனாசே விடுதியின் வெந்நீர் ஊற்று செத்துப்போய்விட்டது என்று ஊருக்குள் பேச்சு. குளியல் தொட்டியில் இப்போது இருப்பது குழாய்த் தண்ணீரும் கடையில் வாங்கிய பொடியும்தானாம். கிளப்பிவிட்டவள் டோஃபு கடைக்காரி மச்சிகோ. பொய் சொல்லத் தெரியாதவள்தான். என்ன, உண்மை வந்து சேரும்வரை பொறுத்திருக்கவும் தெரியாது.

பேச்சு காதில் விழுந்ததும் கிக்குயேவுக்குக் கை ஓடவில்லை. அந்த விடுதியில் அவள் முப்பத்தொரு வருடமாக அறைப் பணிப்பெண். செருப்புகளை விட்டிருக்கும் லட்சணத்தைப் பார்த்தே, தம்பதிக்குப் படுக்கையை ஒட்டி விரிப்பதா தள்ளி விரிப்பதா என்று முடிவு செய்துவிடுவாள். விருந்தாளி குடித்துவிட்டுப் பாடினால், நன்றாக இருந்தது என்பாள். அது தொழில் மரியாதை. ஆனால் வாசலில் மண்டியிட்டு, "இது எங்க வீட்டுக்கு அடியிலயே பொறக்குற தண்ணிங்க" என்று சொல்வது மட்டும் சத்தியம். அன்று மூன்று மணிக்கு குராமிட்சு வருகிறார். முதுகுவலிக்காக இருபத்திரண்டு வருடமாக வருகிறவர். அவரிடம் அதை எந்த வாயால் சொல்வது?

கொண்டையிலிருந்த வெள்ளி ஊசியை உருவித் தொட்டித் தண்ணீரில் போட்டாள். கந்தக ஊற்றென்றால் வெள்ளி கறுக்க வேண்டும். தரையைத் தேய்த்து முடித்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். ஊசி அடுப்புக்கரியாகக் கறுத்திருந்தது. அம்மா கொடுத்த ஊசி. நிம்மதியாக இருந்தது, வயிறும் எரிந்தது.

அப்புறம்தான் கவனித்தாள். ஊற்றுநீர் தொட்டிக்குள் விழும் கல் வாயிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. மர வாளிகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய் ஒளிந்திருந்தது. அதைத் தொடர்ந்து போனாள். அது ஜன்னலைத் தாண்டி, செடிகளுக்குள் புகுந்து, மதிலேறி, பக்கத்து நிஷிவாக்கி விடுதிக்குள் இறங்கியது.

இரண்டு விடுதிகளுக்கும் நாற்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம், எல்லையில் நின்ற ஒரு பைன் மரம். மரம் புயலில் விழுந்துவிட்டது. சண்டை மட்டும் இன்னும் நிற்கிறது. தினமும் காலையில் வாசல் பெருக்கும்போது இரண்டு முதலாளிகளும் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்குவார்கள். ஒருவர் குனிந்ததைவிட மற்றவர் ஒரு விரற்கடைகூட அதிகமாகக் குனியமாட்டார்.

முதலாளியம்மா தொமோயே சமையலறையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மதில் தாண்டி ஒரு குழாய் வருதே?"

"நம்ம குழாய்ல கந்தகம் படிஞ்சு அடைச்சுக்கிச்சு. சரி பண்றவன் பத்து நாளாகும்னுட்டான். மறுநாள் காலையில பார்த்தா அது கெடக்குது."

"யாரு போட்டது?"

"நான் கேக்கல."

"நிஷிவாக்கி முதலாளி ஒண்ணும் சொல்லலையா?"

"குனிஞ்சாரு. நானும் குனிஞ்சேன்." கத்தி ஒரு கணம் நின்றது. "நான் கொஞ்சம் அதிகமாவே குனிஞ்சேன்."

மூன்று மணிக்கு குராமிட்சு வந்து, காலணியைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"ஊத்து வத்திருச்சுன்னு டாக்சிக்காரன் சொல்றானே?"

கிக்குயே மண்டியிட்டாள். முழங்கால் சத்தம் போட்டது. "தண்ணி அதே சூடுதாங்க. ஆனா இந்த வாரம் பக்கத்து வீட்டுக்கு அடியில பொறக்குது."

"நிஷிவாக்கி தண்ணியா!" அவர் முகம் மலர்ந்தது. "எனக்கு ரொம்ப நாள் ஆசைம்மா. உங்க முதலாளியம்மா மனசு நோகுமேன்னுதான் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல."

இரண்டு மணி நேரம் ஊறிவிட்டு வந்தார். தண்ணீரில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது என்றார். இரண்டு விடுதிக்கும் ஒரே ஊற்றுக்கண் என்பதை கிக்குயே சொல்லவில்லை. தொழில் மரியாதை.

பத்தாம் நாள் அடைப்பு நீங்கியது. ரப்பர் குழாயைக் கழுவிச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்த ஊரில் எதை வாங்கினாலும் பாதி மதிப்புக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். முலாம்பழம் வந்தால் சோப்புப் பெட்டி போகும். பத்து நாள் வெந்நீரில் பாதி எது? முதலாளியம்மா இரண்டு நாள் யோசித்து, பயறு இனிப்பு ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார்.

"எதுக்கு இது?" என்றார் நிஷிவாக்கி கிழவர்.

"சும்மாதாங்க," என்றாள் கிக்குயே.

"சும்மான்னா சரி," என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஹனாசே விடுதிப் படியில் ஒரு கூடை சீமைப் பனிச்சம்பழம் இருந்தது.

"சும்மா குடுத்ததுக்கு இது பதில்," என்றார் முதலாளியம்மா. "அப்போ வெந்நீருக்கு?"

"அது அப்படியேதாங்கம்மா நிக்குது."

"இதுக்கும் பாதி குடுக்கணுமே, கிக்குயே."

"ஆமாங்கம்மா."

இருவரும் கூடையைப் பார்த்தபடி நின்றார்கள். நல்ல ஜாதிப் பழம். அதுதான் சங்கடம்.